ஜிம்மில் கருவிகளைப் பகிர்ந்துகொள்வது எப்படி? உள்ளே நுழைவதிலிருந்து கிளம்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாலை நேரம், ஸ்குவாட் ராக்குக்கு, அதாவது எடைக் கம்பியான பாரைத் தாங்கி நிற்கும் சட்டத்துக்கு, பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றேன். ராக்கில் இருந்தவர் ஐந்து ரெப்ஸ் போட்டார், அதாவது ஐந்து முறை தூக்கி இறக்கினார். அது ஒரு செட். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பாரை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடுத்த செட்டுக்கு அவர் எழுந்திருக்க மூன்றரை நிமிடம் ஆனது. இப்படி ஐந்து செட். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் அந்த பார் வேலை செய்தது மொத்தம் இரண்டரை நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அது சும்மா கிடந்தது, நானும் சும்மா நின்றேன்.

அவர்மீது தவறே இல்லை. கனமான எடை தூக்குகிறவருக்கு செட்டுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு வேண்டும். வெடிப்பான உழைப்புக்குத் தசை பயன்படுத்தும் பாஸ்போகிரியேட்டின் ஓரளவு முழுமையாகத் திரும்ப நிரம்புவதற்கே அவ்வளவு நேரம் பிடிக்கும். நான் வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த இடைவெளியில் என் செட்டை முடித்திருப்பேன், அவருடைய ஓய்வில் ஒரு விநாடிகூடக் குறைந்திருக்காது. கேட்கத் தெரியாததால்தான் இருபது நிமிடம் போனது.

ஜிம் ஒழுங்கு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்: கேட்பது, சொல்வது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது. ஆனால் எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது, இரண்டு பேர் ஒரே பாரில் மாறி மாறிச் செய்யும்போது பிளேட்டை யார் மாற்றுவது என்றெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: கையோடு எடுத்துப் போக வேண்டியவை

இரண்டு துண்டு. ஒன்று முகத்து வியர்வைக்கு, இன்னொன்று பெஞ்சின் மேல் விரிக்க. ஒரே துண்டை இரண்டுக்கும் பயன்படுத்தினால், முந்தின ஆளின் முதுகு பட்ட இடத்தை உங்கள் முகத்தில் தடவிக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம்.

உள்ளே போடுவதற்கென்று தனியாக ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் மணலும் ஈரமும் பெஞ்சிலும் மேட்டிலும் ஒட்டும், டிரெட்மில்லின் பெல்ட்டுக்கு அடியில் போனால் அதன் ஆயுளும் குறையும். உடைகள் துவைத்தவையாக இருக்கட்டும். வியர்வை நாற்றம் பக்கத்தில் இருப்பவரைப் பாதிக்கும், அதை மறைக்க அள்ளித் தெளிக்கும் சென்ட்டும் அதே அளவுக்குப் பாதிக்கும். மூச்சு முட்ட உழைக்கிற இடத்தில் கடுமையான வாசனை சிலருக்கு இருமலையே வரவழைத்துவிடும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கடும் சளி இருந்தால் அன்று வீட்டில் இருங்கள். தோலில் படர்தாமரையோ சீழ் பிடித்த புண்ணோ இருந்தால் குணமாகும்வரை பெஞ்சில் படுக்காதீர்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது, தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். வியர்வை படிந்த மேட் அதற்கு நல்ல பாலம்.

பையை லாக்கரில் வையுங்கள். லாக்கர் இல்லையென்றால் சுவரோரம். நடக்கும் வழியிலும் பெஞ்சுகளுக்கு இடையிலும் வேண்டாம். இருபது கிலோ டம்பெல் இரண்டைச் சுமந்துகொண்டு பின்னோக்கி நகர்கிறவரால் காலடியில் கிடக்கும் பையைப் பார்க்க முடியாது.

படி 2: சுற்றிப் பாருங்கள், பிறகு தொடங்குங்கள்

உள்ளே போனதும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எந்தப் பெஞ்ச் காலி, எந்த ராக்கில் யார், எங்கே கூட்டம். உங்கள் அட்டவணையில் முதலில் பெஞ்ச் பிரஸ் இருக்கலாம். மூன்று பெஞ்சிலும் ஆள் இருந்தால் இரண்டாவது பயிற்சியை முதலில் செய்துவிட்டு வருவதில் நஷ்டம் பெரிதாக இல்லை. அட்டவணை என்பது காகிதத்தில் எழுதியது, கூட்டம் கண்முன் இருப்பது.

ஒரு கருவி காலியாகத் தெரிந்தாலும் உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். பாரில் பிளேட் ஏற்றியிருக்கிறதா, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், துண்டு, நோட்டுப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுற்றி இருப்பவர்களிடம், “இதுல யாராவது இருக்கீங்களா?” என்று கேளுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை, ஓரிரு நிமிடத்தில் யாரும் வரவும் இல்லை என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பொருளை மட்டும் ஓரமாகப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

பாட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போனீர்கள் என்றால் சரி. பத்து நிமிடம் கண்ணிலேயே படாமல் போய்விட்டு, திரும்பி வந்து “என் துண்டு இருந்ததே” என்று சொல்வது நியாயமில்லை. துண்டு இடம் பிடிக்காது.

படி 3: கேட்கும் முறை

இதற்குத்தான் பலர் தயங்குகிறார்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ, முறைப்பாரோ என்று. கேட்கிற நேரமும் விதமும் சரியாக இருந்தால் பத்தில் ஒன்பது பேர் முகம் மலர்ந்துதான் பதில் சொல்வார்கள். என் அனுபவத்தில், பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும் பெரிய ஆட்கள்தான் முதலில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

செட் நடக்கும்போது கேட்கவே கூடாது. கழுத்துக்கு மேல் எண்பது கிலோ இருக்கும் ஒருவரின் கவனத்தை ஒரு நொடி திருப்புவதும் ஆபத்து. பாரை வைத்துவிட்டு, இரண்டு மூன்று மூச்சு வாங்கி, நிமிர்ந்து பார்க்கும் வரை பொறுங்கள். காதில் ஹெட்போன் இருந்தால் பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள். அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று கையை லேசாக அசைத்தால் போதும், அவரே கழற்றுவார்.

கேள்வி இரண்டே இரண்டு:

“அண்ணா, இன்னும் எத்தனை செட் இருக்கு?”

ஒன்று இரண்டு என்றால், “சரி, முடிச்சதும் நான் எடுத்துக்கறேன்” என்று சொல்லி விலகிவிடுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் இரண்டாவது கேள்வி:

“நடுவுல நானும் ஒரு செட் போட்டுக்கலாமா?”

அவ்வளவுதான். அண்ணா, அக்கா, தம்பி, ப்ரோ, சார் என்று வயதுக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி அழைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத பெண்ணிடம் “எக்ஸ்கியூஸ் மீ, இன்னும் எத்தனை செட்ங்க?” என்பது போதும், அதற்கு மேல் பேச்சை வளர்க்கத் தேவையில்லை.

கேட்டுவிட்டு அங்கேயே கை கட்டி நிற்காதீர்கள். மூன்றடி தூரத்தில் ஒருவர் காத்துக்கொண்டு நின்றால், செய்கிறவர் ஓய்வைக் குறைத்து, அவசரப்பட்டு, தப்பாகத் தூக்குவார். கொஞ்சம் தள்ளிப் போய் வார்ம் அப் செய்யுங்கள்.

உங்களிடம் யாராவது கேட்டால் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். “கடைசி செட்” என்று சொல்லிவிட்டு இன்னும் நான்கு போடாதீர்கள். பகிர்ந்துகொள்ள முடியாத நிலை இருந்தால் அதையும் நேராகச் சொல்லலாம். “இன்னிக்கு அதிகபட்ச எடை முயற்சி பண்றேன், பத்து நிமிஷம் கொடுங்க, முடிச்சதும் நானே கூப்பிடறேன்” என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் சொன்னபடி கூப்பிட வேண்டும்.

படி 4: ஒரே பாரில் இருவர்

சம்மதம் கிடைத்துவிட்டது. இப்போது வேலையே ஆரம்பம்.

முதலில் இருவருடைய எடையையும் சொல்லிக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஜிம்மில் இருக்கும் ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை. சில இடங்களில் கைப்பிடி சற்று மெலிந்த 15 கிலோ பாரும் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் 60 கிலோ, அவர் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட் போட்டால் பாரோடு சேர்த்து 60. அது இருவருக்கும் பொதுவான அடிப்படை, கழற்றவே வேண்டாம். அவர் முறை வரும்போது பக்கத்துக்கு ஒரு 10 கிலோ பிளேட் வெளியே செருகினால் 80. உங்கள் முறைக்கு அந்த 10 கிலோவை மட்டும் உருவினால் போதும். ஆளுக்கு ஒரு பக்கம் நின்றால் ஐந்து விநாடி வேலை.

இதையே யோசிக்காமல் 60 கிலோவுக்குப் பக்கத்துக்கு 15, 5 என்றும், 80 கிலோவுக்கு 25, 5 என்றும் போட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு சுற்றிலேயே இருவருக்கும் சலித்துவிடும். பெரிய பிளேட் உள்ளே, மாறுகிற சின்ன பிளேட் வெளியே. பகிர்வதில் பாதி தலைவலி இதிலேயே தீரும்.

பிளேட்டை யார் மாற்றுவது? நடுவில் சேர்ந்துகொண்டவர்தான் கூடுதல் பொறுப்பு எடுக்க வேண்டும். உங்கள் செட் முடிந்ததும் அவருடைய எடைக்கு மாற்றி வைத்துவிட்டு நகருங்கள். பெரும்பாலும் அவரும் எழுந்து மறுபக்கம் வந்துவிடுவார். அவர் வருவாரா என்று எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

ராக்கின் கொக்கி உயரமும் கவனிக்க வேண்டிய விஷயம். ஓரிரு துளை வித்தியாசம் என்றால், குள்ளமானவருக்கு ஏற்ற உயரத்தில் வைப்பது நல்லது. உயரமானவர் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்து எடுத்துவிடுவார். குள்ளமானவர் நுனிக்காலில் நின்று பாரைத் திரும்ப வைக்க நேர்ந்தால் அது விபத்து. ஒரு ஜாணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்குவாட்டில் பகிர்வதே சிரமம், வேறு ராக் பார்ப்பது மேல்.

மெஷின்களில் இது எளிது. இருக்கையின் துளை எண்ணையும், எடையைத் தேர்ந்தெடுக்கச் செருகும் பின் (pin) இருக்கும் எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால், மாற்ற மூன்று விநாடி போதும். உங்கள் முறை முடிந்ததும் அவருடைய எண்களுக்கே திருப்பி வைத்துவிட்டு எழுந்திருங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மிதமான எடை என்றால் மூன்று பேர் வரை சுழற்சி நன்றாக ஓடும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் மூன்றாமவர் முடிக்கும்போது முதலாமவருக்கு ஓய்வு முடிந்திருக்கும். நான்காவது ஆள் சேர்ந்தால் உடம்பு ஆறிப்போகும், பேச்சுக் கச்சேரியும் தொடங்கிவிடும்.

சூப்பர்செட், அதாவது இரண்டு பயிற்சிகளை ஓய்வில்லாமல் அடுத்தடுத்து, செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மூலையில் கேபிள், இன்னொரு மூலையில் பெஞ்ச் என்று இரண்டு கருவியைப் பிடித்துக்கொள்வது கூட்டமில்லாத நேரத்தில் மட்டும் செய்ய வேண்டியது. உச்ச நேரத்தில் ஒரு பெஞ்சும் ஒரு ஜோடி டம்பெல்லும் வைத்தே நல்ல சூப்பர்செட் செய்யலாம். இரண்டில் ஒன்றை யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

படி 5: பிளேட் கழற்றும்போது

இது மரியாதையோடு உயிர்ப் பாதுகாப்பும் சேர்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பார் பெஞ்சின் கொக்கியில் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று பெரிய பிளேட். ஒருவர் வலது பக்கம் மூன்றையும் வரிசையாக உருவினார். மூன்றாவது கையோடு வந்த அதே நொடி, இடது பக்கம் கீழே இறங்கி, காலியான வலது முனை துள்ளி எழுந்து, அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. நான் எதிரில்தான் நின்றேன். அந்தச் சத்தத்தில் மொத்த ஜிம்மும் திரும்பிப் பார்த்தது. யாருக்கும் அடி இல்லை என்பது அதிர்ஷ்டம்.

கொக்கிக்கு வெளியே தொங்கும் எடை ஒரு பக்கம் மட்டும் கூடும்போது பார் ஏற்றம்போல் சாய்ந்துவிடும். இதற்கு ஒரே மருந்து: இடது ஒன்று, வலது ஒன்று என மாறி மாறிக் கழற்றுங்கள். ஏற்றும்போதும் அப்படியே. இருவர் இருந்தால் ஒரே நேரத்தில் இரு பக்கமும் உருவலாம், ஆனால் ஒருவர் வேகமாக முடித்துவிடாமல் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பிளேட் எங்கே போகும்? அதற்கென்று இருக்கும் கம்பியில், அதே எடையுள்ள பிளேட்டுகளோடு. 20 கிலோவை எடுக்க, அதன் முன்னால் மாட்டியிருக்கும் இரண்டரை, ஐந்து, பத்து எல்லாவற்றையும் உருவ வேண்டிய நிலை எவ்வளவு எரிச்சல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். போட்டிக்கான பிளேட்டுகளில் 25 கிலோ சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை என்று நிறம் இருக்கும். அப்படிப்பட்ட பிளேட் உங்கள் ஜிம்மில் இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு பிளேட்டாக இருந்தால் எண்ணைப் பாருங்கள், பவுண்டில் எழுதியதும் கலந்து இருக்கலாம். 45 பவுண்டு என்பது 20 கிலோவைவிட அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல். இரு பக்கமும் ஒரே வகையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

லெக் பிரஸ்ஸில் பத்துப் பிளேட் ஏற்றி, அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிற விஷயம். அடுத்து வருகிறவர் முதல் நாள் வந்திருக்கும் ஒருவராக இருக்கலாம், முதுகு வலியிலிருந்து மீண்டு வரும் அறுபது வயதுக்காரராக இருக்கலாம். அவர் அதைக் கழற்றவும் முடியாமல், யாரையும் கேட்கவும் கூச்சப்பட்டு, அந்த மெஷினையே விட்டுவிட்டுப் போவார். தூக்க முடிந்தவருக்குக் கழற்றவும் முடியும்.

டம்பெல் அதன் எண் எழுதிய இடத்திலேயே, ஜோடியாக. எடுத்ததும் ராக்கிலிருந்து நாலைந்து அடி பின்னால் வந்து நின்று செய்யுங்கள். ராக்கை ஒட்டியே நின்று பைசெப்ஸ் கர்ல் போட்டால் உங்களுக்குப் பின்னால் வரிசையே நிற்கும்.

படி 6: கீழே போடலாமா?

ரப்பர் பம்பர் பிளேட், அதற்கான மேடை, இந்த இரண்டும் இருந்தால் டெட்லிஃப்ட், கிளீன், ஸ்னாட்ச் போன்ற தரையிலிருந்து பாரைத் தூக்கும் பயிற்சிகள் முடிந்து பாரை விடுவது தவறல்ல, அதற்காகத்தான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. அப்போதும் 5 கிலோ பம்பரை மட்டும் மாட்டி உயரத்திலிருந்து போடாதீர்கள், மெலிதாக இருப்பதால் வளைந்துவிடும். இரும்பு பிளேட்டைப் போட்டால் தரையும் போகும், பாரும் போகும்.

டம்பெல்லைப் பொறுத்தவரை, படுத்துச் செய்யும் பிரஸ் முடிந்ததும் இரண்டையும் நெஞ்சருகே கொண்டுவந்து, முழங்காலைத் தூக்கித் தொடையில் வைத்து, அதே வேகத்தில் எழுந்து உட்காருங்கள். இரண்டு பக்கமும் கையை விரித்துப் போட்டால் டம்பெல் உருண்டு பக்கத்து ஆளின் காலில்தான் நிற்கும். உண்மையிலேயே கை விட்டுப்போனால் போட்டுவிடுங்கள், தோளைவிட டம்பெல் பெரிதில்லை. கேபிள் மெஷினில் எடைக்கட்டி டமார் என்று இறங்குவதற்கு மட்டும் சாக்கு எதுவும் கிடையாது. பிடியை மெதுவாக விட்டால் போதும்.

படி 7: ஸ்பாட் கேட்பதும் கொடுப்பதும்

ஸ்பாட் என்பது, எடை தூக்குகிறவருக்கு முடியாமல் போனால் பிடிக்கப் பக்கத்தில் நிற்பது. பகிர்வதில் கருவியைவிடப் பெரியது இது. ஒருவர் உங்களை நம்பித் தன் கழுத்துக்கு மேல் எடையை எடுக்கிறார்.

கேட்கிறவர் மூன்று விஷயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: எத்தனை ரெப்ஸ் எதிர்பார்க்கிறேன், பாரை எடுத்துக் கொடுக்க வேண்டுமா, எப்போது கை வைக்க வேண்டும். “ஆறு போடுவேன், அஞ்சுக்கு மேல சந்தேகம். எடுத்துக் கொடுங்க. நின்னுட்டா மட்டும் தொடுங்க.” இப்படிச் சொன்னால் குழப்பமே இல்லை. சொல்லாவிட்டால் நிற்கிறவர் மூன்றாவது ரெப்ஸிலேயே பாரைத் தூக்கிவிடுவார், செய்தவருக்கு அது தன் உழைப்பா அவர் உழைப்பா என்றே தெரியாது.

கொடுக்கிறவர் பெஞ்சின் தலைமாட்டில் நின்று, பாருக்கு அடியில் கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும், தொடாமல். பிடிக்கும்போது ஒரு கை மேலிருந்து, ஒரு கை கீழிருந்து இருந்தால் பார் வழுக்காது. பார் மேலே போவது நின்று, இறங்கத் தொடங்கினால் அதுதான் நேரம். பிடித்த பிறகு கொக்கியில் உட்காரும் வரை விடக்கூடாது. கடைசி இரண்டு அங்குலத்தில் கையை எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. டம்பெல் பிரஸ் என்றால் மணிக்கட்டருகே பிடியுங்கள். முழங்கையைத் தாங்கினால் டம்பெல் உள்ளே மடிந்து முகத்தில் விழலாம். டெட்லிஃப்ட், கிளீன், ஸ்னாட்ச் மூன்றுக்கும் ஸ்பாட் கிடையாது, தள்ளி நில்லுங்கள்.

உங்களால் அந்த எடையைத் தூக்க முடியாது என்று தோன்றினால் மறுத்துவிடுங்கள். “என்னால தாங்க முடியாதுங்க, அவரைக் கேளுங்க” என்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

யாரும் கிடைக்கவில்லையா? பவர் ராக்குக்குள் பெஞ்சை இழுத்துப் போட்டு, பாதுகாப்புக் கம்பியை நெஞ்சு நிமிர்ந்திருக்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பாதுகாப்புக் கம்பியே இல்லாத சாதாரண பெஞ்சில் தனியாகச் செய்தால், பிளேட் நழுவாமல் பாரின் முனையில் மாட்டும் கிளிப்பைப் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை உதிர்த்து வெளியே வரலாம். அப்போது பார் மறுபக்கம் வேகமாகப் புரளும் என்பதால் இது கடைசி வழிதான். வேறு எல்லா நேரத்திலும் கிளிப் அவசியம்.

படி 8: துடைப்பது

முதுகு, தலை, கை பட்ட இடங்களைத் துடையுங்கள்: பெஞ்ச், கைப்பிடி, மேட். கிருமிநாசினியைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். டிரெட்மில்லின் திரையில் நேராகத் தெளித்தால் உள்ளே இறங்கிப் பழுதாகும். பெரும்பாலான கிருமிநாசினிகள் வேலை செய்ய, பரப்பு சில நிமிடங்கள் ஈரமாக இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று பாட்டிலின் லேபிளில் போட்டிருக்கும். அதனால் தெளித்த கையோடு காயத் துடைப்பதில் வியர்வைதான் போகும், கிருமி முழுதாகப் போகாது. கூட்டமான நேரத்தில் அவ்வளவு நேரம் யாரும் நிற்க முடியாது என்பது உண்மை, அதனால்தான் விரிக்கிற துண்டும், முடித்துவிட்டுக் கை கழுவுவதும் அவசியம் என்கிறேன்.

சாக் பயன்படுத்தினால், அதாவது அந்த வெள்ளை மெக்னீசியம் கார்பனேட் பொடி, கிண்ணத்துக்கு மேலேயே கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். பாரின் சொரசொரப்பில் படிந்ததை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போங்கள். பொடிக்கு அனுமதி இல்லாத இடத்தில் திரவ சாக் சரிப்படும், ஆனாலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறையில் செருப்பு போட்டுக்கொண்டு குளிப்பது சேற்றுப்புண்ணிலிருந்து உங்களையும் காக்கும், அடுத்தவரையும் காக்கும்.

படி 9: டிரெட்மில், சைக்கிள்

கார்டியோ பகுதியில் விதி எளிது. நேர வரம்பு எழுதியிருந்தால் அதற்குள் முடியுங்கள். காத்திருப்போர் இருந்தால் எழுதாவிட்டாலும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள். இறங்கும்போது பெல்ட்டை முழுமையாக நிறுத்தி, சரிவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டில் தெரியாமல் கால் வைப்பவர் பின்னால் தூக்கியெறியப்படுவார். பல மெஷின்கள் காலியாக இருக்கும்போது ஒருவருக்கு ஒட்டினாற்போல் போய் ஏறாமல் ஒன்று விட்டு ஏறுங்கள்.

படி 10: போன், கண்ணாடி, கண்

ஓய்வு நேரத்தில் போன் பார்க்கலாம், ஆனால் மெஷினில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம். கையில் போன் இருந்தால் ஒன்றரை நிமிட ஓய்வு ஆறு நிமிடமாவது நமக்கே தெரியாது. எழுந்து நின்று பாருங்கள், காத்திருப்பவருக்கு நீங்கள் செட்டுக்கு நடுவில் இருக்கிறீர்கள் என்பது புரியும். அழைப்பு வந்தால் வெளியே.

உங்கள் ஃபார்மை, அதாவது பயிற்சி செய்யும் விதத்தை, படம் பிடிப்பது பயனுள்ள பழக்கம்தான். கேமராவை உங்கள் பக்கம் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். பின்னால் வேறொருவர் தெரிந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லையேல் அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். உடை மாற்றும் அறையில் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். இதில் பேரமே கிடையாது.

கண்ணாடி முன் ஒருவர் செட் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடக்காதீர்கள். தோள் கோணாமல் இருக்கிறதா என்று அவர் அதில்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றிப் போக முடியாவிட்டால் பத்து விநாடி நில்லுங்கள்.

பெண்கள் ஜிம்முக்கு வந்து பாதியில் நின்றுவிடுவதற்கு எடை காரணமில்லை, பார்வைதான் காரணம் என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். செட்டுக்கு நடுவில் வந்து பேச்சுக்கொடுப்பது, போன் நம்பர் கேட்பது, கேட்காமலே இடுப்பைப் பிடித்து ஃபார்ம் திருத்துவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்கிறவர் உங்கள் நண்பராக இருந்தால் நீங்களே சொல்லி நிறுத்துங்கள்.

கேட்காத அறிவுரையும் அப்படித்தான். ஒருவர் வித்தியாசமாகச் செய்வது தவறாகவே இருக்க வேண்டியதில்லை. காயத்துக்குப் பிறகு மருத்துவர் சொன்ன விதமாக இருக்கலாம். கண்முன் ஆபத்து என்றால் மட்டும் வாய் திறங்கள்: கிளிப் கழன்றிருக்கிறது, பாதுகாப்புக் கம்பி ஒரு பக்கம் உயரமாக இருக்கிறது, இப்படி. அதையும் செட் தொடங்கும் முன், மெல்லிய குரலில்.

படி 11: எதிரில் இருப்பவர் ஒழுங்கு மீறினால்

முதலில் தெரியாமல் செய்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் உண்மையும் அதுதான். “தம்பி, முடிச்சுட்டியா? பிளேட்டைக் கழட்டிடலாமா, நான் ஒரு பக்கம் எடுக்கறேன்” என்று கூடவே கை கொடுத்துச் சொன்னால் அடுத்த முறை அவரே கழற்றுவார். இரண்டாவது முறையும் மாறவில்லை, அல்லது குரல் உயர்கிறது என்றால் அங்கேயே விட்டுவிட்டு, பொறுப்பில் இருக்கும் பயிற்சியாளரிடமோ வரவேற்பிலோ சொல்லுங்கள். யாராவது தொட்டுத் தொல்லை கொடுத்தால், அனுமதியின்றிப் படம் பிடித்தால், முதல் முறையே சொல்ல வேண்டும், காத்திருக்கக் கூடாது.

பயிற்சியாளரே தன் மாணவருக்காக மூன்று மெஷினைப் பிடித்து வைத்திருந்தால்? அவரிடமும் அதே கேள்விதான்: “நடுவுல ஒரு செட் போட்டுக்கலாமா?” நல்ல பயிற்சியாளர் உடனே இடம் கொடுப்பார்.

கேபிள் கிழிந்திருக்கிறது, பெஞ்ச் ஆடுகிறது, பின் சரியாக உட்காரவில்லை என்று கண்டால் நீங்கள் மட்டும் நகர்ந்துபோகாமல் ஊழியரிடம் சொல்லுங்கள். அவர் வரும் வரை ஒரு துண்டையாவது அதன்மேல் போட்டு, வருகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

படி 12: கிளம்பும் முன்

ஒரு சுற்று கண்ணை ஓட்டுங்கள். பாரில் பிளேட் இல்லை, கிளிப் அதன் இடத்தில், கேபிளில் மாட்டிய கயிறு திரும்பக் கொக்கியில், இழுத்து வந்த பெஞ்ச் பழைய இடத்தில், பாட்டில் கையில். மேட்டைத் துடைத்துச் சுருட்டியாயிற்று. யாராவது நீங்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தது நினைவிருந்தால், அவர் இப்போது அந்த மூலையில் டம்பெல்லோடு இருந்தாலும் சரி, ஒரு செட் முடியும் வரை நின்று சொல்லிவிட்டுப் போங்கள்: “நான் முடிச்சுட்டேன், ராக் காலி. கொக்கி உங்க உயரத்துக்கு இறக்கி வெச்சிருக்கேன்.”